சர்வே எண் 417-இல் உயிரினம் எதுவும் இல்லை

ஏப்ரல் 11

பெட்டி வந்து சேர்ந்தது. லாரிக்காரர் அதை ஓட்டலுக்குப் போகும் கிரைண்டர் என்று நினைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். “குழவி தனியா வருதா சார்?” என்று கேட்டார்.

பதினெட்டு ஆண்டு உழைப்பு அது. செவ்வாய்க் கிரகத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துச் சூடேற்றி, எழும் ஆவியை ஆராய்ந்து, அங்கே உயிரின் தடயம் உண்டா என்று பூஜ்யம் முதல் நூறு வரை ஓர் எண்ணாகச் சொல்லும். ஐந்துக்குக் கீழே என்றால் உயிர் இல்லை. எங்கள் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்துச் சேற்றுக்கு 94 சொன்னது. இயக்குநரின் மேசைத் தூசிக்கு 71.

இனி ஒரே ஒரு சோதனை பாக்கி. உயிரில்லாத இடத்தில் வைத்தால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். எதைக் காட்டினாலும் உயிர் இருக்கிறது என்று சொல்லும் கருவியை யாரும் ராக்கெட்டில் ஏற்றமாட்டார்கள். விண்கலத் தேர்வுக் குழுவின் பார்வையாளர் ஜூன் 27 அன்று வருகிறார். அவர் கண்முன்னால் பெட்டி ஐந்துக்குக் கீழே காட்டினால் அடுத்த விண்கலத்தில் எங்களுக்கு இடம் உண்டு. காட்டாவிட்டால் இல்லை. அதற்கடுத்த விண்கலம் புறப்படும்போது நான் ஓய்வுபெற்று நான்கு ஆண்டு ஆகியிருக்கும்.

ஏப்ரல் 12

பூமியில் உயிரில்லாத இடம் ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. பாலைவனத்தில் உயிர் உண்டு. பனிக்கட்டிக்குள் உண்டு. அணு உலைத் தொட்டித் தண்ணீரில்கூட உண்டு. மூன்று ஆண்டு தேடி இந்தப் பொட்டலைப் பிடித்தேன். சுற்றியுள்ள உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரை எண்பது வருடமாக இங்கேதான் திறந்துவிட்டிருக்கிறார்கள். முழுக்க மக்னீசியம். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள்கூட இங்கே வந்தால் செத்துப்போகும். நாற்பது ஏக்கரில் ஒரு புல் கிடையாது. பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

அனுமதியும் ஒன்பதே நாளில் கிடைத்தது. விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வி: ‘நிலத்தில் உள்ள உயிரினங்கள் (மனிதர், கால்நடை உட்பட)’. அதற்கு ‘எதுவும் இல்லை’ என்று நிரப்பப்பட்டிருந்தது. ஆட்சேபம் சொல்ல ஆளில்லாத நிலத்துக்கு அனுமதி வழங்குவதில் அரசு காட்டிய வேகத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஏப்ரல் 15

61.

உடனே மறுபடி ஓட்டினோம். 63. ஹெலன் ஜெபமணி பெட்டியைப் பிரித்துத் துடைத்து மூடினார். 61. ஹெலன்தான் இந்தப் பெட்டியின் பொறியாளர். பன்னிரண்டு வருடமாக என்னுடன் வேலை செய்கிறார். சொந்த ஊர் இந்தப் பக்கம் என்பதால் இங்குள்ள வெயிலைப் பற்றி அவர் குறை சொல்வதில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்வார்.

“பெட்டியில கோளாறு” என்றேன்.

“பெட்டியில ஒண்ணும் இல்ல சார். அறுபத்தொண்ணுன்னா அறுபத்தொண்ணுதான்.”

“இது உயிரில்லாத இடம், ஹெலன்.”

“அத நீங்க பெட்டிகிட்ட சொல்லுங்க.”

மாலையில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளைத் தரையில் காலடித் தடங்கள். ஒன்றிரண்டு அல்ல, ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கிறது. வியர்வை, தோல், தலைமுடி, தேங்காய் எண்ணெய், வெற்றிலை எச்சில். ஒரு கிருமிகூடக் கால்வைக்கத் துணியாத நிலத்தில் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியிருக்கிறார்கள். இந்த நாட்டில் அறிவியல் வளராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஏப்ரல் 16

காலை பதினொரு மணிக்குக் கையும் களவுமாகப் பிடித்தேன். பதினாறு பெண்கள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று பிளாஸ்டிக் குடங்கள். பொட்டலை ஒட்டி வடக்கே அளத்தடி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறதாம், முப்பத்தொரு வீடு. எல்லாரும் உப்பளத் தொழிலாளர்கள். விடியுமுன் வேலைக்கு இறங்கிப் பத்து மணிக்குக் கரையேறுகிறார்கள். ஏறியதும் தண்ணீருக்கு நடக்கிறார்கள். முன்னால் வந்தவர் பெயர் சண்முகக்கனி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சோதனைக் களத்தில் நடக்கக் கூடாது என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

“பெறகு எங்கன நடக்க? மெயின் ரோட்டுக் கொழாய்க்கு இதுதான் குறுக்கு. சுத்திப் போனா அஞ்சு கிலோமீட்டரு.”

“தினமும் இப்படித்தான் போறீங்களா?”

“முந்தி எதுக்குப் போறோம்? ஒருநா விட்டு ஒருநா லாரி வரும். பங்குனியில நிப்பாட்டிட்டாவ. மனு குடுத்தா, அந்த எடத்துல ஆளே இல்லன்னு எழுதி வந்திருக்குங்காவ. எந்தப் படிச்ச மூதேவி எழுதுனானோ, அவன் வாயில உப்ப அள்ளிப் போட.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஹெலனும் சிரித்தார், அது அவசியமற்றது.

மக்கள் குடியிருக்கும் இடத்தில் ஆளே இல்லை என்று எழுத ஒருவருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! உள்ளாட்சி நிர்வாகத்தின் மெத்தனம் எனக்கு மிகுந்த எரிச்சல் ஊட்டியது. பிறகு லேசான தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 18

பொட்டலைச் சுற்றி நைலான் கயிறு கட்டினோம். ‘ஆய்வுப் பகுதி. உள்ளே நுழையாதீர்’ என்று பலகையும் வைத்தோம்.

ஏப்ரல் 19

கயிற்றில் ஏழு சேலைகளும் ஒரு போர்வையும் காய்கின்றன. பெட்டி 66 காட்டுகிறது.

ஏப்ரல் 21

தாலுகா அலுவலகம். தாசில்தார் வேலாயுதப்பெருமாள் எழுந்து நின்று வரவேற்றார். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். காபி வரவழைத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்: பொட்டல் வழியாக ஆட்கள் நடக்கிறார்கள், அதைத் தடுக்க உத்தரவு வேண்டும்.

அவர் கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார். “யார் சார் நடக்காங்க?”

“அளத்தடிக்காரர்கள்.”

“417-லயா? 417-ல ஆள் கிடையாதே சார்.”

“இருக்கிறார்கள். நானே பேசினேன்.”

“நீங்க பேசியிருக்கலாம் சார். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பதிவுல இல்ல. ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாம் அவங்க பழைய ஊர்ல இருக்கு, ஆறு கிலோமீட்டர் தள்ளி. இல்லாத ஆளுக்கு நான் எப்படி நடக்காதேன்னு உத்தரவு போட? நோட்டீஸ் யார் கையில குடுக்க?”

“அவர்களுக்குத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்ததே?”

“வந்துச்சு. ஆளில்லாத சர்வே நம்பருக்கு எதுக்கு லாரின்னு தணிக்கையில கேட்டாங்க. நிறுத்திட்டோம்.” கோப்பில் இருந்த விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பினார். “அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. இது வந்த பிறகுதான் கேட்டாங்க. உங்க கையெழுத்துதான சார்?”

கையெழுத்து என்னுடையதைப் போலத்தான் இருந்தது.

காபி ஆறிப்போயிருந்தது. அரசு அலுவலகங்களில் காபியைச் சூடாகத் தருவதில்லை என்பது பற்றி யாராவது எழுத வேண்டும்.

ஏப்ரல் 22

தெளிவுக்காகச் சில விவரங்களைப் பதிவு செய்கிறேன்.

சர்வே எண் 417 என்பது மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். அதில் பொட்டல் நாற்பது. பொட்டலை மட்டும் தனியாகப் பிரித்து எழுத வேண்டுமானால் நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்து வரைபடம் போட வேண்டும். அதற்கு நான்கு மாதம் ஆகும் என்றார்கள். எனவே அவசரம் கருதி முழு எண்ணும் எழுதப்பட்டது. எழுதப்பட்ட வாக்கியம் நாற்பது ஏக்கரைப் பொறுத்தவரை நூறு சதவீதம் உண்மை. மீதி எழுபத்திரண்டைப் பொறுத்தவரை அது ஒரு நடைமுறைச் சுருக்கம்.

இதை ஹெலனிடம் சொன்னேன். அவர் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

“நானூறு மீட்டர்தான் சார் அளத்தடி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்.”

பெட்டியை விட்டு நகர முடியாத நிலையில் இருக்கிறேன் என்பது அவருக்கே தெரியும்.

ஏப்ரல் 30

58.

மே 5

இயக்குநருடன் தொலைபேசி. அவர் முன்பு அறிவுள்ள உயிர்களைத் தேடும் பிரிவில் இருந்தவர். நாங்கள் தோண்டுகிறோம், அந்தப் பிரிவில் காது கொடுத்துக் கேட்கிறார்கள். வேற்று நட்சத்திரங்களிலிருந்து ஏதாவது செய்தி வருகிறதா என்று முப்பது ஆண்டு கேட்டவர். அதனாலோ என்னவோ, பக்கத்திலிருந்து பேசினால் அவருக்குக் கேட்பதில்லை.

“இன்னும் ஆழமாகத் தோண்டு, தெய்வசிகாமணி.”

தோண்டினோம் என்றேன். ஒரு முழத்துக்குக் கீழேயும் 40. தரை வெடித்துக் கிடக்கிறது. குடத்திலிருந்து சிந்துகிற தண்ணீர் எல்லாவற்றையும் கரைத்து உள்ளே கொண்டுபோகிறது.

“அப்படியானால் நடக்கிறவர்களை நிறுத்து.”

“அவர்கள் இல்லை என்று நாம்தான் சார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.”

“நல்லதாகப் போயிற்று. இல்லாதவர்களை நிறுத்துவதில் என்ன சிரமம்?”

மே 9

சண்முகக்கனி இன்று குடங்களை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டிக்கு அருகே வந்து நின்றார். விரட்ட வேண்டும் என்று நினைத்தேன். பெட்டி எப்படியும் 60-ஐத் தாண்டித்தான் நிற்கிறது.

“இது அங்கன போயி என்ன செய்யும்?” என்று வானத்தைக் காட்டிக் கேட்டார்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் என்றேன்.

“ஆளுகளா?”

“ஆளில்லை. கண்ணுக்கே தெரியாத சின்ன உயிர். அது இருந்தாலே போதும்.”

“அத எப்படிக் கண்டுபிடிப்பிய?”

“முதல்ல தண்ணி எங்க இருந்ததுன்னு தேடுவோம். தண்ணி இருந்த இடத்துலதான் உயிர் இருந்திருக்கும். தண்ணியே இல்லைன்னா உயிரும் இல்லைன்னு வச்சுக்குவோம்.”

அவர் சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டினார். “இங்கனயும் அதத்தான் செய்யுதாவ போல. மொதல்ல தண்ணிய நிப்பாட்டுதாவ, பெறவு ஆளில்லன்னு எழுதுதாவ.”

வரிசை தவறு என்று திருத்தினேன். முதலில் எழுதப்பட்டது, பிறகுதான் நிறுத்தப்பட்டது.

சும்மாட்டைத் தலையில் வைத்தார். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

தாசில்தார் சொன்னார் என்றேன். அது உண்மைதான்.

மே 17

இன்று சண்முகக்கனியின் கணவர் வந்தார். உச்சிமாகாளி என்று பெயர். ஒடிசலான மனிதர், கால் பாதங்களில் உப்புத் தின்ற புண்கள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஹெலனுடைய தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்தார். ஹெலன் கொடுத்ததும் நின்ற நிலையில் முழுவதையும் குடித்தார். பிறகு வெட்கப்பட்டார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகத்திலும் கல். உப்பளத்தில் இது சாதாரணம் என்கிறார் ஹெலன்: வெட்டவெளி வெயில், வேலை முடியும் வரை சிறுநீரை அடக்கி வைப்பது, குடிக்கத் தண்ணீர் குறைவு. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“குடிக்கீங்களா அண்ணாச்சி?” என்று ஹெலன் கேட்டார்.

“குடிக்கேன், குடிக்கேன்.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எங்கம்மா குடிக்க? அவ தலைல இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வாரதப் பாத்துட்டு, தொண்டைக்குள்ள எறங்க மாட்டங்கு. அவ செம்புல ஊத்தி வச்சிட்டுப் போவா. நான் திரும்பக் குடத்துலயே ஊத்திருவேன். அவகிட்ட சொல்லிராதிய.”

நாளை முதல் ஜீப்பில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஓர் ஆய்வாளரின் கடமைக்குள் இது வராது என்றாலும்.

மே 19

கேன்கள் திரும்பி வந்தன, காலியாக. சண்முகக்கனி முப்பத்தொரு வீட்டுக்கும் பங்கு வைத்துவிட்டாராம். வீட்டுக்கு ஒரு செம்பு. அவருடைய கணவருக்காகத்தானே கொடுத்தேன் என்றேன், சற்றுக் கோபமாகவே.

“அவருக்கு மட்டும் நான் ஊத்திக் குடுத்தா பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சியில எப்படி முழிக்க? நீங்க கேன் குடுக்காதிய சார். லாரிய விடச் சொல்லுங்க. ஒங்க பேச்சு ஆபீஸுல எடுபடும்லா.”

எடுபட்டது. அதுதான் பிரச்சினை.

மே 28

உச்சிமாகாளி பாத்தியிலேயே விழுந்துவிட்டார். உப்பு வாரும் பலகையோடு சரிந்தாராம். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். வழியெல்லாம் சண்முகக்கனி அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“குடிச்சேன்னு சொன்னீரே, குடிச்சேன்னு சொன்னீரே. எங்கிட்டயே பொய் சொல்லுதீரா?”

“ஏட்டி, கத்தாத. சார் இருக்காவ.”

“இருக்கட்டும். அவியளும் கேக்கட்டும்.”

கல் சிறுநீர்க் குழாயை அடைத்துவிட்டது. டாக்டர் ஒரு சின்னப் பெண். யாரைக் கண்டிப்பது என்று தெரியாமல், சட்டை மடிப்புக் கலையாத என்னைத் தேர்ந்தெடுத்தார். “தண்ணி குடிக்கச் சொல்லித்தான அனுப்புனோம்? இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி நிக்காது. வீட்டுல தண்ணி இல்லையா என்ன?”

ஜீப்பின் பயணக் குறிப்பேட்டில் காரணம் எழுத வேண்டியிருந்தது. ‘மாதிரி எடுத்துச் செல்லல்’ என்று எழுதினேன்.

ஜூன் 3

இயக்குநரிடம் நிலைமையை எடுத்துச் சொன்னேன். ஒன்பதாம் கேள்விக்கான விடையைத் திருத்தினால் லாரி வந்துவிடும். லாரி வந்தால் நடை நின்றுவிடும்.

“நடை நின்றால் நமக்கு நல்லதுதானே?” என்று உற்சாகமானார்.

நல்லதில்லை. நமக்கு வழங்கப்பட்டது ஆளில்லாத நிலத்துக்கான அனுமதி. ஆள் இருப்பதாகத் திருத்தினால் அந்த நிமிடமே அனுமதி ரத்து. புதிதாக விண்ணப்பித்தால் ஊர்க் கூட்டம், ஆட்சேபம், அளவை எல்லாம் சேர்த்து ஆறு மாதம். பார்வையாளர் 27-ஆம் தேதி வருகிறார்.

சிறிது நேரம் மௌனம். நட்சத்திரங்களைக் கேட்கிறாரோ என்று நினைத்தேன்.

“28-ஆம் தேதி திருத்து” என்றார். “மூன்றரை வாரம்தானே? இவ்வளவு நாள் இருந்தவர்கள் இன்னும் மூன்றரை வாரம் இருக்கமாட்டார்களா?”

இதில் நியாயம் உண்டு. பதினெட்டு ஆண்டோடு ஒப்பிட்டால் மூன்றரை வாரம் என்ன? நடக்கிற வழியைத் தவிர்த்துத் தென்கோடியில் மாதிரி எடுத்தால் 27-ஆம் தேதி எண் குறையவும் வாய்ப்பிருக்கிறது. நேற்று அங்கே 9 வந்தது. நியாயம் உண்டு என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். உண்டு.

ஜூன் 6

தென்கோடியில் 4.

பதினெட்டு ஆண்டில் நான் பார்த்த மிக அழகான எண். ஹெலன் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

“27-ஆம் தேதி இதையே காட்டுனா போதும்” என்றேன்.

“காட்டும் சார். நல்ல பெட்டி. ஆள் நடக்காத எடத்துல ஆளில்லன்னு சொல்லும்.”

உச்சிமாகாளி ஊர் திரும்பிவிட்டாராம். மாதிரி எடுக்க வடக்குப் பக்கம் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சண்முகக்கனி எதிரே நின்று, அவர் செம்பைக் கவிழ்க்கும் வரை நகராமல் காவல் காத்தார். குடித்து முடித்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி பொட்டலில் இறங்கினார். இன்று அது அவருக்கு மூன்றாவது நடை. 41 டிகிரி.

இது என்ன அநியாயம்! ஒரு மனிதன் தண்ணீர் குடிப்பதற்கு இன்னொருத்தி ஆறு மைல் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? யார் எழுதிய...

மை கசிகிறது. பேனாவை மாற்ற வேண்டும்.

ஜூன் 9

தாசில்தாருக்குக் கடிதம் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘மேற்படி விண்ணப்பத்தில் ஒன்பதாம் இனத்தில் பிழை நேர்ந்துவிட்டமை தெரியவருகிறது.’

ஹெலனிடம் சொல்லவில்லை. இயக்குநரிடமும்.

ஜூன் 11

கடிதம் திரும்பி வந்தது. நேரில் போனேன். வேலாயுதப்பெருமாள் இந்த முறையும் எழுந்து நின்றார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா ரெண்டு விஷயம். பிழை நேர்ந்துவிட்டதுன்னு இருக்கு. பிழை அதுவா நேராது சார். யார் செஞ்சாங்கன்னு வேணும். இல்லைன்னா நாளைக்கு என் ஆபீஸ் கிளார்க் தலையில வந்து விடியும். ரெண்டு பொம்பளப் பிள்ளை அவருக்கு.”

“இரண்டாவது?”

“ஆள் இருக்காங்கன்னு ஆதாரம்.”

“வந்து பாருங்கள். நாற்பது வருடமாக இருக்கிறார்கள்.”

“நான் பாத்திருக்கேன் சார். நான் என்ன குருடா? அந்தச் சண்முகக்கனி என் மேசையில உப்பு மூட்டைய எறக்கி வச்சுட்டு சண்டை போட்டிருக்கு. பாத்தது செல்லாது. கோப்புல ஒரு விஞ்ஞானி இல்லைன்னு எழுதியிருக்காரு. அத மாத்தணும்னா அதவிடப் பெரிய விஞ்ஞானம் வேணும்.”

முப்பத்தொரு குடும்பம் வியர்த்துக்கொண்டும் இருமிக்கொண்டும் எதிரே நிற்கிறது. அதை மறுக்க ஒரு வரி போதுமாக இருந்தது. ஒப்புக்கொள்ள விஞ்ஞானம் வேண்டுமாம்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். “உங்ககிட்டதான் ஏதோ உயிரக் கண்டுபிடிக்கிற மெசின் இருக்குன்னாங்களே சார்?” என்றார். கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஜூன் 13

தாசில்தார் கேட்டதைச் சொன்னதும் ஹெலன் எல்லா அளவுகளையும் தாளில் அச்சிட்டார்: 61, 63, 66, 58, 40. ஒவ்வொரு தாளிலும் ஆய்வக முத்திரை. முடிவுரை மட்டும் நான் எழுதினேன்: ‘சர்வே எண் 417-இல் உயிர் உள்ளது. தற்காலிகமாக வந்து போவது அன்று, தினமும் இருப்பது.’

“தென்கோடி நாலையும் சேக்கணுமா சார்?”

சேர்க்கச் சொன்னேன். மறைக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

“இதோட பெட்டி போச்சு, தெரியும்ல?” என்றார். அவருக்கும் பன்னிரண்டு வருடம். அவர் குத்திய முத்திரைகள் நேராக விழுந்தன. எனக்கு ஒரு தாளில் கோணலாக விழுந்துவிட்டது.

ஜூன் 14

குடும்ப வாரியாகப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பதால் அளத்தடிக்குப் போனேன். இங்கே வந்து ஒன்பது வாரம் ஆகிறது. நடந்து போக ஆறு நிமிடம் ஆயிற்று.

சண்முகக்கனி வீடு வீடாக அழைத்துப் போனார். நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆடு பதினான்கு, நாய்களை எண்ணவில்லை. ஒரு வீட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் இருக்கிறார். ஒரு வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் 93 வாங்கிய பெண் இருக்கிறாள். மக்னீசியம் குளோரைடைப் பற்றி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

எல்லாரையும் வேப்பமரத்தடியில் கூட்டி, திருத்தி எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். படித்தேன். ‘417-இல் உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதியவன் நான். எழுதும்போது அது முழு எண்ணுக்கும் உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை.’

ஆடு ஒன்று கத்தியது.

“அன்னைக்கு நான் வஞ்சது ஒங்களத்தானா?” என்றார் சண்முகக்கனி.

“ஆமா.”

யோசித்தார். “நான் அதத் திருப்பி எடுத்துக்கிட மாட்டேன்.”

வேண்டாம் என்றேன்.

“பேனாவக் கொண்டாங்க.” கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். உச்சிமாகாளி மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருடைய மன்னிப்பைவிட அந்த அம்மாளின் வசை எனக்கு வசதியாக இருந்தது.

ஜூன் 16

அனுமதி ரத்து. பார்வையாளரின் பயணம் ரத்து. இயக்குநர் தொலைபேசியில் பதினோரு நிமிடம் பேசினார். முதல் முறையாக எனக்கு அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. தகரக் கொட்டகையில் காற்று பலமாக இருந்தது.

ஜூன் 20

லாரி வந்தது. ஓட்டுநர் முன் கண்ணாடியில் உத்தரவை ஒட்டி வைத்திருந்தார்: ‘சர்வே எண் 417-இல் மனிதர்கள் இருப்பது நவீன அறிவியல் கருவியின் மூலம் ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளதால், ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கலாம் என ஆணையிடப்படுகிறது.’

வேதியியல் பெண் அதை உரக்கப் படித்தாள். சண்முகக்கனி குழாய்க்கடியில் குடத்தை நகர்த்தியபடியே, “நாப்பது வருசமா இங்கன கெடக்கோம். இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சாவளாக்கும்” என்றார்.

“ஒனக்கு எத்தன நம்பரு சித்தி?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்கு நூறு. ஒங்க சித்தப்பாவுக்குத்தான் கொறச்சலு.”

உச்சிமாகாளி லாரிக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு செம்பு குடித்தார். இன்னொரு செம்பு. மூன்றாவது.

“மெல்லக் குடியும். லாரி எங்கயும் ஓடிறாது.”

பெட்டியை நாளை ஏற்றுகிறோம். வேறொரு நாட்டின் கருவி எங்களுக்குப் பதிலாக விண்கலத்தில் போகிறதாம். அது உயிரில்லாத இடத்தில் மிகச் சரியாகப் பூஜ்யம் காட்டியது என்று இயக்குநர் எழுதியிருந்தார். அந்த இடம் எது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 3

ஆய்வகத்திலிருந்து எனக்குக் குறிப்பாணை. பொய்ச் சான்று வழங்கிய குற்றம். ‘பிப்ரவரி 6 அன்று நேரில் ஆய்வு செய்ததாகச் சான்றளித்துள்ளீர். அந்நிலத்தில் உயிரினம் எதுவும் இல்லை என்ற முடிவை எட்டக் கையாண்ட அறிவியல் முறை யாது? ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.’

யாது! பதினெட்டு ஆண்டு உழைத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆத்திரத்தில் நான்கு பக்கம் எழுதினேன். கசப்பு நீரின் வேதியியல், நுண்ணுயிர்களின் தாங்குதிறன், நில அளவைத் துறையின் தாமதம், நாற்பதுக்கும் நூற்றுப் பன்னிரண்டுக்கும் உள்ள விகிதம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஹெலனிடம் படிக்கக் கொடுத்தேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கேட்டதுக்குப் பதில் எங்க சார்?”

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். புதுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இன்று மாலைத் தபாலில் சேர்த்துவிட்டேன்:

‘முறை: குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.’